என்னை எடை போட்ட படகு

தூத்துக்குடி,
16-7-1976.

அன்புள்ள தம்பி வில்பிரட்டுக்கு,

உன் அக்கா ஞானதீபம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே உன் அத்தான் சுகம். பாளையங்கோட்டை விடுதியில் மகள் பியூலாவும் சுகம். குடிதண்ணீர் இந்த வருஷமும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். லிவர்பூல் குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை. ஆனால் உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் உன் சளியைப் பற்றிக் கவலைப்பட முடியவில்லை. அதை அம்மா தனியாக எழுதி விசாரிப்பாள்.

கிறிஸ்மசுக்கு நீ அத்தானுக்கு ஒரு புத்தகம் அனுப்பினாய். கம்பளிச் சட்டை அனுப்பியிருந்தால் இந்த ஊர் வெயிலில் யாரும் போட்டிருக்க முடியாது, பெட்டியில் கிடந்திருக்கும், யாருக்கும் ஒரு தீங்கும் வந்திராது. நீ அனுப்பியதோ, வீட்டிலேயே கட்டக்கூடிய சிறிய பாய்மரப் படகுகளின் படப்புத்தகம். உன் அத்தான் நாசரேத்துக்காரர், பனங்காட்டில் வளர்ந்தவர். உப்புக் கம்பெனி மேனேஜராக இருபது வருஷம் கடலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரே தவிர, கடல் அவருடைய கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை. புத்தகம் வந்த அன்றே, "ஏளா, ஒண்ணு கட்டிருவோம்" என்றார். அதில் இருந்த அடியும் அங்குலமும் கோணமும் அவருக்கு விளங்கவில்லை. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆகவே புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்ததும், விளக்கியதும், பாயின் பரப்பையும் அடிப்பலகையின் வளைவையும் கணக்குப் போட்டதும் நான்தான். எனக்கும் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உனக்குப் புரியாது.

ஜனவரி முழுக்கத் தட்டை அடிப் படகுதான் நல்லது என்றார். பிப்ரவரியில் உருண்டை அடிக்கு மாறினார், அதுதான் பார்க்க லட்சணமாம். மார்ச்சில், நடுவே ஒரு பலகையை இறக்கி ஏற்றுகிற படகு. ஒவ்வொன்றுக்கும் பழைய காலண்டர் அட்டையில் ஒரு மாதிரி வெட்டி, மெழுகு பூசி, எங்கே மிதக்கவிட்டார் என்று நினைக்கிறாய்? குடிதண்ணீர் டிரம்மில். விடியுமுன் குழாயடியில் நின்று நான் பிடித்த தண்ணீர். காபியில் மெழுகுவர்த்தி வாசனை வந்தபோதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். பிறகு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தருவைகுளம் போய், சொந்த வள்ளம் வைத்து மீன் பிடிக்கும் கஸ்பாரிடம் காட்டினார், என்னையும் கூட்டிக்கொண்டு. கஸ்பார் படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"இது என்ன சார், பன்னிக்குக் கழனி ஊத்துற தொட்டி மாதிரி இருக்கு? இதுல மீன எங்கன போடுவிய?"

"மீன் பிடிக்க இல்ல கஸ்பார். சும்மா போயிட்டு வர."

"சும்மா போயிட்டு வரவா? அதுக்குத்தான் பஸ் இருக்குல்லா?"

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பதினான்கடிப் படகு ஒன்றை முடிவு செய்து, அதன் உருவத்தை நிஜ அளவில் எங்கள் ஹால் தரையில் சாக்பீசால் வரைந்தார். மறுநாள் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். நான் துணியை நனைத்துக்கொண்டு துடைக்கப் போனால், "ஏளா, அத அழிக்காத, ரெண்டு நாள் வேல" என்று குறுக்கே நிற்கிறார், பாய் விரிக்கவும் விடவில்லை. சபைப் பெண்கள் வந்து வெறுந்தரையில் கோட்டுக்குள்ளே உட்கார்ந்தார்கள். போதகர் கண்களை மூடி, நோயாளிகளுக்காகவும் மழைக்காகவும் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் நின்று அளந்துகொண்டிருந்த உன் அத்தான், "கிரேசி டீச்சர், கொஞ்சம் வலது பக்கமா நகருங்க, இல்லன்னா கவுந்துரும்" என்றார். கிரேசி அதைப் பரலோகத்திலிருந்து வந்த எச்சரிப்பாக எடுத்துக்கொண்டு, "கர்த்தாவே!" என்று பாய்ந்தாள். அவள் பாய்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் பாய்ந்தார்கள். போதகர் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது சபை முழுவதும் வலதுபக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லார் சேலையிலும் சாக்பீஸ். அதன்பின் அவர்கள் ஒருவரும் எங்கள் வீட்டில் காபிகூடக் குடிப்பதில்லை.

இனிமேல்தான் முக்கியமானது. அந்தப் பதினான்கடிப் படகு இரண்டு பேர் போவது. ஒருவர் சுக்கான் பிடிப்பார். காற்று படகை ஒருபக்கம் சாய்க்கும்போது மற்றவர் மறுபக்கம் போய் உட்கார்ந்து நிமிர்த்த வேண்டும். அந்த மற்றவரின் எடையைப் பொறுத்துத்தான் எவ்வளவு பெரிய பாய் கட்டலாம் என்பது. இதையும் முட்டாள் நான்தான் படித்துச் சொன்னேன். போன சனிக்கிழமை கல்லூரி விட்டு வரும் வழியில் என்னைக் கம்பெனிக் கிடங்குக்குக் கூட்டிப் போனார். ஏதோ கையெழுத்துப் போட என்று நினைத்தேன். உப்பு மூட்டை நிறுக்கும் தராசின்மேல், "ஒரு நிமிஷம் இங்கன நில்லு" என்றார். நின்றுவிட்டேன், வில்பிரட். பட்டப்படிப்புப் படித்தவள், ஏன் எதற்கு என்று கேளாமல் ஏறி நின்றுவிட்டேன். எடை போடும் இசக்கியப்பனுக்கு மூட்டையின் எடையைக் கத்திச் சொல்லியே பழக்கம். என் எடையையும் கிடங்கின் கடைசி மூலைக்குக் கேட்கும்படி கத்தினான்.

"சாக்குக் கழிவு உண்டா சார்?"

"சேலைக்கு அரைக் கிலோ கழிச்சிக்கோ."

"ஈரக் கழிவு?"

"ஏலே, அது உப்புக்குடா!"

மூட்டை சுமந்து நின்ற பெண்களில் ஒருத்தி, "விடுங்க டீச்சர், நான் தூக்குத மூட்டைக்கு நீங்க கொறவுதான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். எத்தனை கிலோ என்று உனக்கு எழுத மாட்டேன். தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "பாரம்தான வேணும்? ஒரு மணல் மூட்டையக் கட்டி வச்சிக்கிடுங்களேன்." கிண்டல் என்றுகூட அவருக்குப் படவில்லை. நன்றாக யோசித்துவிட்டு, "ஏளா, மணல் மூட்ட சொன்னா நகராதே" என்றார். "அப்ப சுக்கான நான் பிடிக்கேன். நீங்க நகருங்க" என்றேன். சிரித்தார். "உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்?" என்றார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கடிதம். அவர் கெட்டவர் இல்லை. என்னை அதட்டியதில்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் நான் யோசித்தேன். அவருக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தபோது நான் நாகர்கோவில் வேலையை விட்டுவிட்டு நகர்ந்தேன். மேல்படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்த வருஷம் அவருடைய தம்பிகள் படிக்க வந்தார்கள், நகர்ந்தேன். குடும்பம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ, அதற்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் மிதந்தது. கணக்குப் போடுகிறவள் நான், கையில் சுக்கான் வைத்திருப்பவர் இன்னொருவர் என்பது வீட்டுக்குள் இருக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. நீ அனுப்பிய புத்தகம் அதைப் படம் போட்டுக் காட்டிவிட்டது. அதற்கு உனக்கு நன்றி சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை.

ஆகவே நீ உடனே அத்தானுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இங்கிலாந்துப் படகு நம் கடலுக்கு ஆகாது, மரத்தைப் புழு தின்றுவிடும், பாய் கிழிந்துவிடும், என்ன பொய் வேண்டுமானாலும் எழுது. உன் வார்த்தைக்கு அவரிடம் மரியாதை உண்டு, நீ வெளிநாட்டில் இருக்கிறாய். நாளைக்கு கஸ்பாரின் வள்ளத்தில் எனக்குப் பழக்கம் கொடுக்கப் போகிறாராம். உட்கார்ந்து நகர்வதற்குப் பழக்கம்! போவேன். நடுக்கடலில் வைத்தே, இந்தப் படகுப் பைத்தியம் இன்றோடு போதும் என்று சொல்லிவிட்டு வருவேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இனி புத்தகம் அனுப்பும் எண்ணத்திலிருந்தும் உன்னைக் காப்பாராக. வேளாவேளைக்குச் சாப்பிடு. அத்தான் தம் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார். தெரிவித்துவிட்டேன்.

கோபம் ஆறாத உன் அக்கா,
ஞானதீபம்

பி.கு. 19-7-76, திங்கள். தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. சனிக்கிழமை போனோம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம்தான். அத்தான் சுக்கானைக் கைவிட்டு, வள்ளத்தின் விளிம்பில் குப்புற விழுந்து, சாப்பிட்ட இட்லியை எல்லாம் மீனுக்குக் கொடுத்தார். அவர் இடுப்பை ஒரு கையாலும் பாய்க்கயிற்றை மறுகையாலும் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, நான் பாயப் பிடிக்கவா, சாரப் பிடிக்கவா? அந்தச் சுக்கானப் பிடிங்க!" என்று கஸ்பார் கத்தினார். பிடித்தேன். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கையை இப்படித் தள்ளினேன், அவ்வளவு பெரிய வள்ளம் மறுபேச்சில்லாமல் அப்படித் திரும்பியது. கரை வரும்வரை நான் விடவில்லை. கஸ்பார் இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை. கரையில் படுத்துக்கொண்டு அத்தான், "எந்தப் படகுன்னு இனிம நீயே முடிவு பண்ணு, எனக்குத் தல சுத்துது" என்றார். முடிவு பண்ணிவிட்டேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போடு, அவருக்கு ஒன்றும் எழுதாதே. புத்தகத்தில் ஒன்பதாவது படகின் முழு வரைபடத்தை வாங்கி, என் பெயருக்குக் கல்லூரி விலாசத்தில் அனுப்பு. தட்டை அடி, சின்னப் பாய். அத்தானுக்கு ஒரே சந்தோஷம், மரம் பார்க்க இன்றைக்கே போயிருக்கிறார். அதில் ஓர் ஆள் மட்டும்தான் ஏறலாம் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. முதலில் கட்டி முடிக்கட்டும்.