புகாரற்ற இருபத்திரண்டு நாட்கள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் மனிதக் குறைகளை அடியோடு ஒழிக்கும் வழியைக் கண்டுபிடித்த பெருமை, குடிநீர் வாரியத்தின் மூன்றாம் கோட்டக் குறைதீர்ப்புப் பிரிவையே சேரும். அதுவும் ஒரே ஒரு செல்பேசியை வைத்துக்கொண்டு, இருபத்திரண்டே நாட்களில். நம்பாதவர்கள் அந்தப் பிரிவின் சுவரில் தொங்கும் கேடயத்தை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே யாரும் நேரில் வர அனுமதி இல்லை என்பது வேறு விஷயம்.

நேரில் வருகிறவர்களால்தான் குறையே பெருகுகிறது என்று கண்டறிந்து, 'நவீனமயமாக்கலின்' முதல் கட்டமாக அந்த அறையின் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். பலகையின் மேல் பத்து இலக்க எண் ஒன்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். எண்ணுக்குரிய செல்பேசி உள்ளே, மூன்று மேசைகளுக்கும் நடுவில், கவிழ்த்து வைத்த பிஸ்கட் டப்பாவின் மேல் வீற்றிருக்கும். வெளிப்படைத்தன்மைச் சுற்றறிக்கையின்படி எந்தப் புகாரையும் ஒரே ஊழியர் தனியாகக் கேட்டுவிடக் கூடாது. ஸ்பீக்கரில் வரவேண்டும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் காதாரக் கேட்கவேண்டும். அப்போதுதான் அது 'புகார்', அதற்கு ஒரு எண். எண் கிடைத்தால்தான் குழாய் ஆட்கள் கடப்பாரையைத் தொடுவார்கள்.

முதல் காது பதிவேடு எழுதும் பெண். எல்லாருக்கும் அவள் பதிவக்கா. இரண்டாவதாகக் கேட்பவருக்கு 'இரண்டாம் காது' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, கடைசியில் "ம்" என்பார். அந்த 'ம்'முக்குத்தான் சம்பளம். இவர்கள் இருவருக்கும் மேலே கண்காணிப்பாளர். தும்மினாலும் அதற்கொரு சுற்றறிக்கை போடுகிறவர் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவர் 'சர்க்குலர் சார்'.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் செல்பேசி சத்தமில்லாமல் அதிர்ந்து, டப்பாவின் மேல் நண்டு மாதிரி நகர்ந்தது. பதிவக்கா பச்சைப் பொத்தானைத் தொட்டாள். குரல் வரவில்லை. ஸ்பீக்கர் குறியை அழுத்தினாள், அது அசைந்து கொடுக்கவில்லை. காதில் வைத்துப் பார்த்தாள், அங்கேயும் மூச்சில்லை. திரையின் மூலையில் ஒரு குட்டி ஹெட்போன் படம் உட்கார்ந்திருந்தது. ஹெட்போன் எதுவும் செருகப்படவில்லை. ஆனால் போன் அப்படி நினைக்கவில்லை. தன் காதில் யாரோ வயரைச் செருகியிருக்கிறார்கள் என்று மனதார நம்பி, வருகிற குரலையெல்லாம் அந்த இல்லாத வயருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

பதிவக்காவுக்குத் திக்கென்றது. காரணம், திரையில் தெரிந்தது அவளுடைய தங்கையின் எண்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே நாலாவது குறுக்குத் தெருவுக்கு ஓடினாள். தங்கை ஒரு கண்ணாடி பாட்டிலைத் தூக்கி அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். குழாயில் பிடித்த தண்ணீர். கலங்கல் நிறம், சாக்கடை வாடை. தங்கையின் நாலு வயது மகள் சுருண்டு படுத்திருந்தாள். காலையிலிருந்து ஐந்து முறை வாந்தி. பெரியம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து மடியில் விழுகிற குழந்தை, அன்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

"காலையிலேர்ந்து ஒன்பது வாட்டி கூப்பிட்டேன்கா. எடுக்கறீங்க, பேசமாட்டேங்கறீங்க. சரி, இப்ப நேர்லயே சொல்றேன், எழுதிக்கோ."

எழுதிக்கொள்ள முடியாதென்று பதிவக்கா விளக்கினாள். போனில்தான் வரவேண்டும், ஸ்பீக்கரில், ரெண்டு பேர் கேட்கவேண்டும். சொல்லச் சொல்ல அவளுக்கே நாக்கு கூசியது. தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கூடப்பிறந்தவளாச்சே என்பதால் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போய்விட்டாள். கொதிக்கவைத்தாலும் வாடை போகவில்லை.

மறுநாள் பதிவக்கா கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நாலாவது குறுக்குத் தெருவுல குழாய்த் தண்ணியில சாக்கடை கலக்குது."

"யார் சொன்னது?"

"என் தங்கச்சி சார்."

"எங்க வச்சு?"

"அவ வீட்டுல."

"அப்ப அது குடும்ப விஷயம்மா," என்றார் கண்காணிப்பாளர் பரிவோடு. "ஆபீஸுக்குக் கொண்டுவராதீங்க."

அவர் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செல்பேசியைச் சரிசெய்ய அன்றே போர்க்கால நடவடிக்கை தொடங்கினார். முதலில் அணைத்துப் போட்டார்கள். பிறகு இரண்டாம் காது, ஹெட்போன் செருகும் ஓட்டையில் வாய் வைத்து ஊதினார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று கேள்விப்பட்டிருந்தார்கள், அன்று கண்ணாரக் கண்டார்கள். ஒரு இயர்போனைச் செருகி இரண்டு பேரும் ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்கலாமே என்று பதிவக்கா சொல்லிப் பார்த்தாள். சுற்றறிக்கையில் 'ஸ்பீக்கர்' என்றுதான் இருக்கிறது, தவிர ஆணும் பெண்ணும் ஒரே வயரில் இணைவது அலுவலக ஒழுங்குக்குச் சரிவராது என்று அந்த யோசனை தள்ளப்பட்டது.

பதிவக்கா எதிர்வரிசை செல்போன் கடைக்காரரைச் சொந்தப் பொறுப்பில் கூட்டிவந்தாள். அவர் ஓட்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பஞ்சு மாதிரி ஏதோ தூசி அடைத்திருக்கிறது, ஊசியால் எடுத்தால் இரண்டு நிமிடம், காசுகூட வேண்டாம் என்றார்.

"வாரியத்தின் உடைமைக்குள்ள கூர்மையான பொருளைச் செலுத்தறதா?" என்று கண்காணிப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கடைக்காரர் தன் ஊசியோடு உயிர்தப்பிப் போனார்.

பிறகு மூவர் குழு கூடியது. இரண்டரை மணி நேரம் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. செல்பேசி பழுது என்பதும் ஒரு குறையே. வாரியத்தில் எந்தக் குறையும் முறைப்படி பதிவானால்தான் தீர்க்கப்படும். ஆகவே செல்பேசி பழுதானது பற்றி அந்தச் செல்பேசிக்கே கூப்பிட்டுப் புகார் செய்யவேண்டும். கண்காணிப்பாளரே தன் சொந்தப் போனிலிருந்து எண்ணைச் சுழற்றினார். பிஸ்கட் டப்பாவின் மேல் நண்டு நகர்ந்தது. பதிவக்கா பொத்தானைத் தொட்டாள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கண்காணிப்பாளர் தெளிவான உச்சரிப்பில் புகாரைச் சொன்னார். இரண்டாம் காது கண்ணை மூடி, கையைக் காதருகே குவித்து, கடமை தவறாமல் கேட்டார்.

"ஸ்பீக்கர்ல ஒண்ணும் வரலையே சார்," என்றார்.

ஆக, செல்பேசி பழுது என்று இன்றுவரை யாரும் புகார் செய்யவில்லை.

பதிவக்கா குழாய் மேஸ்திரியின் காலில் விழாத குறை. அவர் நல்ல மனிதர். அந்தத் தெருவில் எந்த இடத்தில் சாக்கடையும் குடிநீரும் ஒட்டி ஓடுகின்றன என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். "நம்பர் குடு தாயி, அரை நாள்ல முடிச்சுடறேன். நம்பர் இல்லாம ரோட்டைத் தொட்டா என் பொழப்பு போயிடும்," என்றார். பொய் எண் ஒன்றை எழுதிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. எழுதினாலும் இரண்டாம் காது 'ம்' சொல்லவேண்டுமே. அவரிடமும் கெஞ்சிப் பார்த்தாள். "எட்டு மாசம்மா, எட்டே மாசம்," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இதற்குள் வாராந்திர அறிக்கை தலைமையகத்துக்குப் போக வேண்டியிருந்தது. முந்தைய வாரம் நூற்று நாற்பத்து மூன்று புகார். இந்த வாரம் பூஜ்யம். கண்காணிப்பாளர் வியர்க்க வியர்க்கத்தான் கையெழுத்திட்டார். ஏன் பூஜ்யம் என்று கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று அன்றிரவு அவருக்குத் தூக்கமில்லையாம். ஆனால் தலைமையகத்திலிருந்து வந்தது பாராட்டுக் கடிதம். அடுத்த வாரமும் பூஜ்யம். மறுபடி கடிதம், இம்முறை கெட்டித் தாளில். மூன்றாவது பூஜ்யத்துக்குத் தலைமை அதிகாரியே விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். கண்காணிப்பாளர் ஊசி என்ற சொல்லையே அறைக்குள் தடைசெய்து சுற்றறிக்கை விட்டார்.

இதற்கிடையே, இரண்டாவது பூஜ்யத்தின்போதே, சாதனையின் ரகசியத்தை ஆராய ஒரு மேம்பாட்டு ஆலோசகர் வந்து சேர்ந்திருந்தார். இளவயதுக்காரர். கழுத்தில் எப்போதும் வெள்ளை இயர்போன் தொங்கும். நாலு நாள் அறையில் உட்கார்ந்து, நண்டு நகர்வதையும் யாரும் எதுவும் கேட்காமலிருப்பதையும் குறிப்பெடுத்தார். கடைசியில் அதற்கு 'மௌன மேலாண்மை' என்று பெயர் சூட்டி, நாற்பது பக்க அறிக்கை எழுதினார். அதன் சாரம் இதுதான்: புகார் என்பது அடிப்படையில் ஒரு சத்தம், சத்தத்தை அகற்றினால் புகார் அகன்றுவிடும். மற்ற கோட்டங்களிலிருந்து அதிகாரிகள் படையெடுத்து வந்து பாடம் படித்தார்கள். ஐந்தாம் கோட்டத்தில் ஆர்வக்கோளாறில் சூயிங்கம்மை அடைத்து, ஒரே நாளில் வெற்றி கண்டதாகத் தகவல்.

தங்கை மட்டும் இந்த முன்னேற்றம் எதுவும் தெரியாமல் தினமும் பத்து மணிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதிவக்கா பொத்தானைத் தொட்டு, அந்த ஊமைத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். தண்ணீரை வெளியே வாங்கித்தான் குடித்தார்கள். ஆனால் பாத்திரம் கழுவ, வாய் கொப்பளிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் வெளியே வாங்க முடியுமா? இருபத்திரண்டாம் நாள் விடியற்காலையில் குழந்தை மயங்கி விழுந்தது. ஆஸ்பத்திரியில் பதிவக்கா போய்ப் பார்த்தபோது சின்னக் கையில் ஊசி ஏறி, குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருந்தது. அதே வார்டில் அந்தத் தெருக்காரர்கள் இன்னும் பத்துப் பேர். தங்கை அக்காவைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதிவக்காவுக்கு நெஞ்சு வெந்துபோனது.

அன்றுதான் விழா. அவள் முதல் ஆளாக அறைக்கு வந்தாள். கைப்பையில் கிடந்த ஊக்கை எடுத்துச் செல்பேசியின் ஓட்டைக்குள் விட்டு மெல்லச் சுற்றினாள். கடுகளவு பஞ்சு வெளியே வந்தது. திரையிலிருந்த ஹெட்போன் படம் மறைந்தது. இருபத்திரண்டு நாள் இமாலயச் சாதனை, கடைக்காரர் சொன்ன இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நொறுங்கிவிட்டது.

மண்டபத்தில் அறுபத்திரண்டு நாற்காலி, அறுபத்திரண்டும் நிறைந்திருந்தன. மேடை மேசையில் வெல்வெட் துணி விரித்து, நடுவில் செல்பேசியை வைத்து, பக்கத்தில் மைக்கையும் வைத்திருந்தார்கள். கண்காணிப்பாளர் தன் அடக்கமான உரையை நாற்பது நிமிடத்தில் முடித்தார். தலைமை அதிகாரி கேடயத்தை எடுக்கக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்துச் செல்பேசி மண்டபமே அதிர மணியடித்தது.

செயல்முறை விளக்கம் போலிருக்கிறது என்று எண்ணிய தலைமை அதிகாரி, புன்னகையோடு தாமே பச்சைப் பொத்தானைத் தொட்டார்.

"வணக்கம்," என்றது ஸ்பீக்கர். "நாலாவது குறுக்குத் தெரு. குடிக்கிற தண்ணியில சாக்கடை..."

கடைசி வரிசைக்குப் பின்னால், நாற்காலி கிடைக்காத பதிவக்கா தன் போனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

ஆபத்துக் காலத்தில்தான் நிர்வாகத் திறன் வெளிப்படும். கண்காணிப்பாளர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. ஆலோசகரின் கழுத்திலிருந்த இயர்போனை உருவி, அதன் முனையைச் செல்பேசியின் ஓட்டையில் சொருகினார். குரல் சட்டென்று நின்றது. திரையில் அந்தக் குட்டிப் படம் மறுபடி வந்து உட்கார்ந்தது.

"சின்னக் கோளாறு சார். சரிபண்ணியாச்சு," என்றார்.

ஆனால் பதிவக்கா நிறுத்தவில்லை. அவளுக்குப் போன் தேவைப்படவில்லை. மண்டபம் அப்படியொன்றும் பெரிதில்லை.

"இருபத்திரண்டு நாளா சாக்கடைத் தண்ணி வருது. பதினோரு பேர் ஆஸ்பத்திரியில கிடக்காங்க. என் தங்கச்சி பொண்ணுக்கு நாலு வயசு. கண்ணைத் திறக்கமாட்டேங்குது. எனக்கு ஒரு நம்பர் குடுங்க. அந்த எடத்தைத் தோண்ட ஒரு நம்பர் குடுங்க, போதும்."

அவள் அழுதுகொண்டே சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அறுபத்திரண்டு தலைகளும் திரும்பி அவளைப் பார்த்தன, பிறகு மேடையைப் பார்த்தன.

தலைமை அதிகாரி அனுபவசாலி. குனிந்து, ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோய் ஒரு நிமிடம் வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

"இல்ல சார்," என்றது மண்டபம்.

கேடயம் வழங்கப்பட்டது. கைதட்டல் ஓய நேரமாயிற்று. பதிவக்கா இன்னும் நின்று பேசிக்கொண்டிருந்ததால் அன்றைய பதிவேட்டை இரண்டாம் காதுதான் எழுதவேண்டியதாயிற்று. அழகான கையெழுத்தில், விதிப்படி எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் அவர் நிரப்பியதை இன்றும் பார்க்கலாம்.

பெறப்பட்ட புகார்: பூஜ்யம்.

காதால் கேட்ட சாட்சிகள்: அறுபத்திரண்டு பேர்.