நாலு குவார்க்கும் ஒரு கீரியின் வேலையும்

ஒரு காட்டில் புலி இருந்தது, மான் இருந்தது. அதெல்லாம் எல்லாக் காட்டிலும் உண்டு, விடுங்கள். இந்தக் காட்டில் ஒரு துகள் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. எலிகள் வட்டமாகத் தோண்டிய சுரங்கத்தில் துகள்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைப்பார்கள். மின்சாரம் மின்மினிகள் உபயம். மோதினால் என்னென்னவோ சிதறும். சிதறியதைப் பொறுக்கி எடை போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சண்டை போடுவார்கள். அதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

எடை போடுகிற வேலை செண்பகவல்லி என்ற கீரிக்கு. தற்காலிக வேலைதான். அது போனால் குலத்தொழிலுக்குத் திரும்ப வேண்டும், அதாவது பாம்பு பிடிக்க. அவளுக்கோ பாம்பு என்றாலே குலை நடுங்கும். கீரிக்குப் பாம்பு பயமா என்று சிரிக்காதீர்கள், அவள் மாமாவும் இப்படித்தான் சிரித்தார். "வேலை போனதும் சொல்லு தாயி, ஒரு சின்ன நாகத்துல ஆரம்பிக்கலாம்" என்று வாரா வாரம் வந்து விசாரித்துவிட்டுப் போவார்.

குவார்க் என்பது துகளுக்குள் குடியிருக்கும் பொடித் துகள். அதற்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் சொல்வார்கள். நிஜ நிறம் இல்லை, சும்மா அடையாளத்துக்கு. சேர்ந்து இருந்தால் மொத்தத்தில் வெள்ளையாகிவிட வேண்டும் என்பது குவார்க்குகளின் வீட்டுச் சட்டம். அதனால் மூன்று நிறமும் மூவராகக் குடியிருக்கும். இல்லையென்றால் ஒரு குவார்க்கும் அதன் நிறத்தைச் சரிக்கட்டும் ஒரு எதிர்க்குவார்க்கும் ஜோடியாக இருக்கும். இதைக் காடே மனப்பாடமாக வைத்திருந்தது.

ஒருநாள் சுரங்கத்திலிருந்து நாலு குவார்க் உள்ள துகள் வந்து விழுந்தது. அடேயப்பா, அன்றைக்குக் காடு பட்ட பாடு!

பேராசிரியர் முள்ளம்பன்றி ஓடிவந்தார். தன் முதுகு முள் ஒன்றில் நாலு பழத்தைக் குத்திக்கொண்டு, "இதுதான் என் மாதிரி! நாலும் ஒரே முள்ளில், இறுக்கமான ஒரே குடும்பம்!" என்று கத்தினார். மாதிரி முதுகில் இருந்ததால் அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. "எல்லாம் சரியா இருக்கா?" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் கரடி விடுவாரா? இரண்டிரண்டு பழமாக இரண்டு ஜோடி வைத்து, நடுவே தேனைத் தடவி ஒட்டினார். "ஒரே குடும்பமாவது மண்ணாவது! ரெண்டு ஜோடி பக்கத்துல பக்கத்துல நின்னு லேசா ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்." சொல்லி முடிப்பதற்குள் மாதிரியை நக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் புதிதாக ஒன்று செய்வார். அதையும் தின்பார்.

இந்தச் சண்டையிலேயே கூடம் வருஷக்கணக்கில் ஓடியது. சிங்கராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"செண்பகவல்லி, முள்ளா தேனா, நீயே கண்டுபிடிச்சுச் சொல்லும்மா. சொல்லிட்டா உன் வேலை நிரந்தரம்."

செண்பகவல்லி சோறு தண்ணி மறந்து எடை போட்டாள். இரண்டு ஜோடியையும் தனித்தனியாக நிறுத்தால் என்ன வருமோ, அதைவிட ஒரு மயிரிழைதான் குறைவு. இறுக்கிக் கட்டியிருந்தால் எடை நன்றாகவே குறைந்திருக்கும், இது இறுக்கிக் கட்டியதாகவே தெரியவில்லை. முள்ளம்பன்றியின் மாதிரிப்படி இந்தத் துகளுக்கு இதே சாயலில் அண்ணன் தம்பி என்று ஒரு கூட்டமே வந்திருக்க வேண்டும். ஒருத்தரையும் காணோம்.

"ராஜா, இந்தத் துகளைப் பொறுத்தவரை தேன்தான்!" என்றாள்.

காடே கைதட்டியது. முள்ளம்பன்றி சுருண்டு படுத்துவிட்டார். கரடி குதித்துக் குதித்து ஆடினார். ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

"பிரமாதம்! சந்தேகம் தீர்ந்துச்சு. அப்ப கூடத்தை இழுத்து மூடிடலாம். மான்கள் ரொம்ப நாளா பாட்மிண்டன் மைதானம் கேக்குதுங்க."

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ராஜா, என் நிரந்தர வேலை?"

"வேலை நிரந்தரம்தாம்மா. கூடம்தான் இல்லை."

கரடியின் ஆட்டம் நின்றது. "ஐயையோ, என் மாதிரி ஜெயிச்சு என் சோத்துலயே மண்ணைப் போட்டுடுச்சே!" என்று அலறிக்கொண்டு போய் முள்ளம்பன்றியைக் கட்டிக்கொண்டார். குத்தியதால் இன்னும் அலறினார்.

வாசலில் மாமா கூடையோடு நின்றார். "வா தாயி, சின்னதுதான்."

கூடைக்குள்ளிருந்து நாகம் தலையை நீட்டி, "பயப்படாதம்மா, மெதுவாத்தான் கொத்துவேன்" என்றது.

அவ்வளவுதான், செண்பகவல்லி ஒரே பாய்ச்சலில் சுரங்கத்துக்குள் புகுந்தாள். "மின்மினிகளா, என் சாமிகளா, கடைசியா ஒரே ஒரு மோதல்!" டமாரென்று சத்தம். பொறுக்கினாள், எடை போட்டாள், மூச்சிரைக்க வெளியே ஓடிவந்தாள்.

"பூட்டாதீங்க ராஜா! இதுல அஞ்சு இருக்கு!"

ராஜாவின் கையில் பூட்டு அப்படியே நின்றது. "அஞ்சா?"

"அஞ்சேதான். ஒரு மூவரும் ஒரு ஜோடியும் தேன்ல ஒட்டியிருக்காங்களா, இல்ல அஞ்சு பேரும் ஒரே முள்ளுலயான்னு எனக்குச் சுத்தமா தெரியலை ராஜா!" தெரியாது என்பதை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி அந்தக் காடு கேட்டதில்லை.

சுருண்டு கிடந்த முள்ளம்பன்றி சடாரென்று நிமிர்ந்தார். "ஒரே முள்!"

கரடி தேனடையைத் தேடி ஓடினார். "தேன்! தேன்!"

ராஜா பிடரியைச் சொறிந்தார். "அப்ப ஆறும் இருக்குமோ?"

"இருக்கலாம் ராஜா. ஏழுகூட இருக்கலாம்."

ராஜா பெருமூச்சு விட்டுப் பூட்டைக் கீழே வைத்தார். செண்பகவல்லியின் வேலை அன்றைக்கே நிரந்தரமானது. மாமா கூடையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மான்கள் இன்றைக்கும் முட்புதருக்கு நடுவேதான் பாட்மிண்டன் ஆடுகின்றன.

நீதி: சந்தேகத்தைத் தீர்த்துவைத்தால் கைதட்டல் கிடைக்கும், நிரந்தர வேலை வேண்டுமானால், தீர்த்த கையோடு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றைக் கொண்டுவந்து போட வேண்டும்.