கொக்கி அண்ணனும் கையில்லாத பதினாறு பேரும்

ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லோரும் எதிரே வருகிற லாரிக்குப் பயந்து வண்டி ஓட்டுவார்கள். முதுகுக்குப் பின்னால் வருவதற்குப் பயந்து ஓட்டிய ஒரே மனிதர் கொக்கி அண்ணன்தான்.

எண்பதுகளின் கடைசியில், முடிச்சூரில் ஜவுளிக்கடைப் பொம்மைகள் செய்யும் பட்டறையில் நான் சேல்ஸ்மேன். பொம்மைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோவது அவர். ஒரு சின்ன பிக்கப் வண்டி. அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய, நாலு பக்கமும் அடைத்த இரண்டு சக்கரப் பெட்டி. கிளம்புமுன் கொக்கியை ஆட்டிப் பார்ப்பார், சங்கிலியை இழுத்துப் பார்ப்பார், பாரமெல்லாம் முன்பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கதவைத் தட்டி, "இன்னாம்மா, எல்லாம் சவுரியமா கீறீங்களா?" என்பார். பதில் வந்த மாதிரி தலையாட்டிவிட்டுத்தான் சாவி போடுவார்.

பல்லாவரத்தில் ஒரு கான்ஸ்டபிள் இதைப் பார்த்துவிட்டார். "உள்ள யாருய்யா?"

"பொம்பளைங்க பன்னெண்டு பேரு, ஆம்பளைங்க நாலு பேரு சார்."

"மூச்சு முட்டாதா?"

"அதுங்க மூச்சு வுடாது சார். கையெல்லாம் கழட்டித் தனியா மூட்ட கட்டி வச்சிக்கீறேன்."

கான்ஸ்டபிள் விசிலை வாயில் வைத்தார். ஊதுவதற்குக் காற்று வரவில்லை. கதவைத் திறந்து காட்டிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை. சீக்கிரம் போங்கள் என்று கையை மட்டும் ஆட்டினார்.

ஒரு மார்கழிக் காலை. செங்கல்பட்டில் கடைத் திறப்பு விழா; அண்ணனோடு நானும் வண்டியில் கிளம்பினேன். முதலாளி போட்ட அவசரத்தில், பொம்மைகளை நிறுத்தும் இரும்புத் தட்டுகளைப் பட்டறை ஆட்கள் பின்கதவோரமே ஏற்றிவிட்டார்கள். "வால் பக்கம் கனம் ஆவாது மொதலாளி" என்று அண்ணன் கத்தியது எடுபடவில்லை.

பொத்தேரி தாண்டியதும் முன்னால் ரோடே தெரியாத பனி. ஒரு லாரி உரசுகிற மாதிரி முந்திப் போனது. அவ்வளவுதான், பெட்டி இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கி, பிக்கப்பையும் சேர்த்து இழுத்தது.

"பிரேக் போடுங்கண்ணா!"

"சும்மா இரு தம்பி! இப்போ பிரேக் போட்டா பொட்டி நம்மள இஸ்துகினு பூடும்."

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேகம் தானாகக் குறைந்து, ஆட்டம் அடங்கி, ஓரமாக நின்றோம். எஞ்சினை அணைத்தார்.

அப்போதுதான் கேட்டது. டொக். டொக். டொக். பெட்டிக்குள்ளிருந்து.

கதவைத் திறக்கப் போன என்னைத் தடுத்துவிட்டு, அவர் முதலில் கொக்கியருகே குனிந்தார். கொக்கியைப் பூட்டும் இரும்புப் பின் முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. இன்னொரு பள்ளம் போதும், பெட்டி கழன்றிருக்கும். பின்னை அடித்து இறக்கிவிட்டு, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, "பாத்துட்டேம்மா, பாத்துட்டேன்" என்றார்.

சத்தம் நின்றது.

திறந்தோம். எல்லாப் பொம்மைகளும் கட்டிய கயிறு அவிழாமல் படுத்திருந்தன. கைகள் மூட்டைக்குள். இரும்புத் தட்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றை முன்பக்கம் மாற்றி அடுக்கும்போது என் பற்கள் தந்தியடித்தன.

"அண்ணா, தட்டினது யாரு?"

"எவளா இருந்தா இன்னா? நல்லவதான்."

மீதி தூரத்தில் சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திப் போனார்கள். நான் பக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் ஒரு கையால் தன் மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றினார்.

"குளுருது இல்ல?" என்றார். நான் நடுங்கியது குளிரால் அல்ல என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.