ஷட்டருக்கு அடியில் ஒரு பூசணிக்காய்

ஷட்டருக்கு அடியில் வைத்த பூசணிக்காய் உடைந்தால் அது நல்லதா, கெட்டதா? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. என் மாமியாருக்குத் தெரியும். பூசணிக்காய் சாருக்கும் தெரியும். இரண்டு பேரும் அடித்துச் சொல்வார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதற்கு நேர் எதிர்.

திருப்பதியில் பூசணிக்காய் சாரைப் போலத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட மனிதர் இன்னொருவர் கிடையாது. 'இது ஆபத்து' என்று அவர் நிரூபித்துக் காட்டுவார். பார்த்தவர்கள் எல்லாரும் கைதட்டி, அவர் நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்புவார்கள்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ரயில்வேயில் இருந்தார் என்பார்கள், கரண்ட் ஆபீஸில் இருந்தார் என்பார்கள். அவரையே கேட்டால், "இன்னா வேலை செஞ்சேன்னு கேக்காத, இன்னா வேலை செஞ்சிக்கினு கீறேன்னு கேளு" என்பார். அவர் செய்துகொண்டிருக்கும் வேலை இதுதான். எந்த வீட்டிலாவது தானாக மூடும் கதவு புதிதாக வந்தால், துணிப்பையில் ஒரு கல்யாணப் பூசணியோடு போய் நிற்பார். நடந்துதான் போவார், தலையில் ஹெல்மெட் இருக்கும். வண்டி எங்கே சார் என்றால், "மேலர்ந்து வுழறது, நீ வண்டில போறியா நடந்து போறியான்னு பாத்துக்கினா வுழுது?" என்று நம்மையே கேட்பார்.

பூசணியைக் கதவின் வழியில் வைப்பார். கதவை மூடச் சொல்வார். நின்றால் பாஸ், நசுக்கினால் ஃபெயில். ஏன் பூசணி என்பதற்கு அவரிடம் ஆராய்ச்சி முடிவு இருந்தது.

"தேங்காய்க்கு தைரியம் ஜாஸ்திம்மா. தர்பூசணி தொட்டாலே அழுவும். கல்யாண பூசணிதான் கரெக்ட்டு. ஒரு வயசு கொழந்த கனம்."

சிக்கல் என்னவென்றால், புது வீடு, புது வண்டி, புதுக் கடை எதுவானாலும் திருஷ்டி கழியப் பூசணி உடைக்கும் ஊர் எங்களுடையது. மார்க்கெட்டில் அதன்மேல் முறைக்கிற கண்ணும் முறுக்கு மீசையும் வரைந்தே விற்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றால், வீட்டில் இருப்பவர்கள் கற்பூரம் தேடத்தானே போவார்கள்?

ஒரு டாக்டர் வீட்டில் தானாக நகரும் கேட் வைத்தார்கள். கேட் வந்து மோதியதில் பூசணி சுவரோடு நசுங்கியது. "ஃபெயில்" என்று உரக்கச் சொன்னார் சார். மந்திரத்தின் கடைசிச் சொல் அதுதான் என்று நினைத்து, டாக்டரின் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாராம்.

இன்னொரு முறை, புது அபார்ட்மெண்டில் லிஃப்ட் கதவைச் சோதித்தார். கதவு பூசணியைத் தொட்டதும் நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது. பாஸ். சந்தோஷத்தில் பூசணியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, மற்றவர்களிடம் விளக்கம் சொல்லத் திரும்பினார். அதற்குள் நாலாவது மாடியில் யாரோ பட்டனை அமுக்கிவிட்டார்கள். அங்கே கதவு திறந்தபோது, மீசை வைத்த பூசணி ஒன்று தனியாக லிஃப்டில் ஏறி வந்திருந்தது. "எவனோ செய்வினை வச்சிட்டான்" என்று அலறல். அவருடைய சோதனையில் தேறிய முதல் கதவு அதுதான். வெகுநாள் அதில் ஏறத்தான் ஆள் இல்லை.

அவர் சொல்வதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் டிவி ரிமோட்டை அமுக்கினால் நம் வீட்டு ஷட்டர் திறந்துகொள்ளும் என்று தெருவையே பயமுறுத்தி வைத்திருந்தார். அப்படி ஒன்றும் திறக்கவில்லை.

இனி என் கதை. நான் சித்தூரை ஒட்டிய குடிபாலா பக்கம் பிறந்து, எம்.எஸ்ஸி. படித்து, திருப்பதிக்கு வாழ்க்கைப்பட்டவள். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். எதையும் செய்துவிட்டு, செய்தது சரியா என்று மூன்று பேரைக் கேட்கிறவள். எனக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள். எங்கே சத்தம் கேட்டாலும் அங்கே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வாள்.

புது வீட்டின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு ஷட்டர் போட்டோம். அதற்கு மோட்டார் பரிசளிப்பதாகச் சொன்னார் என் நாத்தனாரின் கணவர். சித்தூரில் ஷட்டர் கடை வைத்திருப்பவர். வீட்டு மாப்பிள்ளை. அவர் கொடுத்ததை வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் சாமி பிரசாதத்தைக் கீழே போடுவதற்குச் சமம்.

மோட்டாரில் சென்சார் இருந்தது. இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒரு சின்னக் கண். நடுவில் எதாவது குறுக்கிட்டால் ஷட்டர் நின்றுவிடும். அந்தக் கண் என் தொடை உயரத்தில் இருப்பதைப் பார்த்ததும் மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"இவ்ளோ மேல வச்சிட்டீங்களேண்ணா?"

"கார் பம்பர் ஒயரம்மா. வண்டில ஒரு கீறல் ஆவாது."

"பாப்பா அடில உக்காந்தா?"

"பாப்பா எதுக்கும்மா அங்க வந்து உக்காருது? உள்ள டைல்ஸ் போட்டு கீது இல்ல?"

என் கணவர் சிரித்தார். "அவ அப்படித்தான் மாமா. குக்கர் விசில் அடிச்சாலே பயப்படுவா." நானும் சிரித்துவைத்தேன். அன்று முழுக்க, ஒருவேளை எனக்குத்தான் பயம் அதிகமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஷட்டருக்கு நல்ல நேரம் பார்த்து, காலையில் ஓட்டிப் பார்க்க எல்லாரும் நின்றபோது, ஹெல்மெட்டும் பையுமாகப் பூசணிக்காய் சார் வந்தார். என் மாமியாருக்குப் புல்லரித்துவிட்டது.

"பாரு, வாங்க மறந்துட்டோமேன்னு இருந்தேன். தெய்வமா கொண்டாந்துட்டாரு."

"இது டெஸ்டும்மா" என்றார் சார்.

"எதுவா இருந்தா இன்னா, ஒடைக்கத்தானே?" என்று சொல்லிக் குங்குமம் தடவி, கற்பூரம் ஏற்றிவிட்டார் மாமியார். "குங்குமம் வாணாம்மா, ரிசல்ட்டு மாறிடும்" என்று சார் கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை. கற்பூரம் அணைந்ததும் மாப்பிள்ளை ரிமோட்டை அமுக்கினார்.

ஷட்டர் கம்பீரமாக இறங்கியது. பம்பர் உயரக் கண்ணுக்குக் கீழே பூசணி உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியவே இல்லை. மளுக்கென்று ஒரு சத்தம். மீசை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

எல்லாரும் கைதட்டினார்கள். "பட்ட கண்ணெல்லாம் போச்சு" என்றார் மாமியார். மாப்பிள்ளை கல்யாணப் போட்டோவுக்கு நிற்பது போல நின்றார். என் இடுப்பில் இருந்த பாப்பாவும் கைதட்டினாள். தட்டாதவர்கள் சாரும் நானும்தான்.

"பாத்தியாம்மா?" என்றார் சார்.

"பாத்தேன் சார்."

ஷட்டர் திரும்ப ஏறியது. உடைந்த துண்டுகளைப் பார்த்துப் பாப்பா இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையிடம் கையை நீட்டினேன்.

"ரிமோட்ட குடுங்கண்ணா."

ஓட்டிப் பார்க்கக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"கண்ணு கணுக்காலுக்கு வரணும். தொட்டா மேல திரும்பற மோட்டாரா இருக்கணும். அது வரைக்கும் இது யாருக்கும் கெடையாது."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். மாமியார், "இன்னாம்மா இது, மாப்ளைய நிக்க வச்சிக்கினு" என்றார். என் கணவர், "உள்ள போய் பேசலாம்" என்றார். உள்ளே போய்ப் பேசினால் நான் தோற்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வாசலிலேயே நின்றேன். மாப்பிள்ளை காபிகூடக் குடிக்காமல் சித்தூருக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் நாத்தனாரின் போன். "எங்க வீட்டுக்காரர் ஆசையா குடுத்தத, பூசணிக்கா மாதிரி போட்டு ஒடச்சிட்டியே."

"அவரு குடுத்தது ஒடையல அண்ணி. பூசணிதான் ஒடைஞ்சிது. அதுதான் என் பிரச்சனையே."

அடுத்த நாட்களில் என் கணவர் காலையும் மாலையும் சங்கிலியை இழுத்து ஷட்டரைத் திறந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பெருமூச்சு விட்டு என்னைப் பார்ப்பார். நான் பேக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஆனால் உள்ளுக்குள் ஆட்டம்தான். ஒரு நாள் தெருவில் சாரை நிறுத்திக் கேட்டே விட்டேன்.

"சார், உங்களுக்குத் தெரிஞ்ச கொழந்தைக்கு எதாச்சும் ஆச்சா? அதனாலதான் இப்படி சுத்தறீங்களா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் பார்த்து அவர் அதைக் கழற்றியது அன்றுதான்.

"ஒண்ணும் ஆவலம்மா. ஆனப்புறம்தான் வரணுமா?"

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. வேறு மோட்டார் கொண்டுவந்திருந்தார். கண்ணைக் கணுக்காலுக்கு இறக்கினார். வண்டியிலிருந்து பூசணியையும் அவரே இறக்கினார். சித்தூர் மார்க்கெட்டில் தேடி வாங்கியது, இருப்பதிலேயே பெரிது. சாருக்கும் ஆள் அனுப்பினார். "வரச் சொல்லுங்க அந்தாள. கண்ணால பாக்கட்டும்."

முதலில், பூசணி கண்ணுக்குக் குறுக்கே இருந்ததால் ஷட்டர் நின்றது. பிறகு சார் கேட்டபடி கண்ணின் இணைப்பை எடுத்துவிட்டு இறக்கினார்கள். ஷட்டர் பூசணியைத் தொட்டது. சுட்டுக்கொண்டது போல மேலே போய்விட்டது. மீசைகூடக் கலையவில்லை.

யாரும் கைதட்டவில்லை.

"ஒடையலையே" என்றார் மாமியார், அழாத குறையாக. "புது வீட்ல பூசணி ஒடையாம நின்னா நல்லதா?"

ஒரே ஒருவர் மட்டும் தட்டினார். ஹெல்மெட் ஆட ஆட, கை சிவக்கத் தட்டினார். மாப்பிள்ளைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமியார் பூசணியைத் தூக்கிப் போய்த் தெருமுனையில் தன் கையால் உடைத்துவிட்டு வந்துதான் சாப்பிட்டார். இன்று சித்தூர்க் கடையில் மாப்பிள்ளை வாடிக்கையாளர்களுக்குப் பூசணி வைத்துத்தான் மோட்டாரை ஓட்டிக் காட்டுகிறார். தன்னுடைய யோசனை என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

எந்த மோட்டார் வாங்கலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். சத்தம், வேகம், கரண்ட் போனால் இழுக்கச் சங்கிலி, எல்லாம் விசாரியுங்கள். பிறகு உங்கள் வீட்டிலேயே குட்டையான ஆள் யாரோ, அவர் சார்பில் ஒரு கேள்வி கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டில் பயந்தாங்கொள்ளி என்றால் சொல்லட்டும். நான் இப்போது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறேன்.

எனக்கு வேறொரு யோசனை வேண்டும். பாப்பாவின் பிறந்தநாள் வருகிறது. சாரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வர மாட்டாராம். "ஒரு வீட்ல சோறு துன்னுட்டா, அப்புறம் அந்த வீட்டு கதவ தப்புன்னு சொல்ல வாய் வராதும்மா" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வாசகர்கள் எழுதுங்கள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்றால் அவருக்கு உயிர் என்பதுவரை விசாரித்து வைத்திருக்கிறேன்.