பின்பலகைக்காரர்

நெடுந்தூரம் ஆற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறவர்களில் பின்பலகைக்காரர் என்றொரு இனம் உண்டு. இருவர் போகும் படகில் பின்னால் உட்கார்ந்தவரெல்லாம் இந்த இனம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடாதீர்கள். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகப் பின்னால் உட்கார்ந்தவர்தான் அசல்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தலையில் அகலத் தொப்பி, கழுத்தில் விசில், மடியில் ஆற்று வரைபடம், கையில் தூண்டில், காலடியில் வேண்டாத விருந்தாளி மாதிரி ஒரு துடுப்பு. அவருக்கென்று தனி இலக்கணமும் உண்டு. வேலை என்றால் ‘நாம’. மீன் மாட்டினால் ‘நான்’. படகு கரையில் முட்டினால் ‘நீ’. முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் படகு கவிழ்ந்துவிடும் என்பது அவர் விதித்த முதல் சட்டம்.

நம்மவர் நில அளவை அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். முன்பலகையில் அவர் மனைவி, மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். அந்த ஆற்றுவழியில் பதினாறு துறைகள். துறைக்குத் துறை அட்டையில் முத்திரை குத்துவார்கள். பதினாறாவது துறையில் ஆறு கடலில் கலக்கிறது. மூன்று வருடமாக இவர்கள் பதினோராவது துறையிலேயே விடுப்பு தீர்ந்துபோய், பஸ் பிடித்து வீடு திரும்பியிருந்தார்கள். நீரோட்டம் சரியில்லை என்று கணவர் அலுவலகத்தில் படம் வரைந்து விளக்கினார். மனைவியின் மருந்துக்கடைக்குப் புது முதலாளி வரப்போகிறார், அடுத்த வருடம் நான்கு நாள் விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. துடுப்புப் போட்டே கடலைப் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. பஸ்ஸில் போய்ப் பார்த்தால் ஆகாதா என்று கணவர் கேட்டதற்கு, பஸ்ஸில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே என்றுவிட்டார்.

இந்தத் தடவை அம்மாள் விடிந்ததும் விடியாததுமாகப் படகைத் தள்ளியதால், மூன்றாம் நாள் மாலையே பதினோராவது துறை வந்துவிட்டது. முத்திரை குத்துகிறவர் துடுப்புகளை எடுத்து ஓரமாகச் சாத்தப் போனவர், ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், கடையில ஒட்டின விலைச் சீட்டு இன்னும் அப்படியே இருக்கே. இது தண்ணியையே பார்க்கலையா?"

பின்னால் இருப்பவர் திசையைத்தான் கவனிக்க வேண்டும், அதுதான் உலக வழக்கம் என்று கணவர் விளக்க ஆரம்பித்தார். அம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நான்கு கொப்புளம். மூன்று வருடமாகப் பின்னால் கேட்ட தண்ணீர்ச் சத்தமெல்லாம் தூண்டில் விழுந்த சத்தம் என்று புரிந்ததும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் சண்டை போடவில்லை.

"நாளைக்கு நான் பின்னாடி உட்கார்றேங்க," என்றார்.

மறுநாள் ஐந்து துறைகள் பாக்கி. கடைசித் துறை ஐந்து மணிக்கு மூடிவிடும். கணவர் முன்பலகையில் ஏறினார். முதுகுக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கண் இருக்கும்போது சும்மா உட்கார முடியுமா? போட்டார். படகு முதல்முறையாக நேராகப் போனது. நீரோட்டம் இன்றைக்கு நம் பக்கம் என்று அதற்கும் காரணம் சொன்னார். மத்தியானத்துக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அம்மாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் கடலைப் பார்க்க முடியாது என்று விட்டுவிட்டார்.

பதினான்காவது துறை தாண்டியதும் கொப்புளம் எரிகிறதே என்று அம்மாள் துடுப்பைக் கொஞ்சம் உள்ளே எடுத்து வைத்தார். படகு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. காற்று முகத்தில் பட்டது. காலை நீட்டினார். தூண்டில் அங்கேதான் கிடந்தது, எடுத்து வீசினார். தண்ணீரில் சளக்கென்று சத்தம்.

"நீயும் போடுறதானே?" என்றார் கணவர், திரும்பாமல்.

"நாம இன்னும் கொஞ்சம் வேகமாப் போடலாங்க."

சொன்ன பிறகுதான், சொன்னது யார் என்று அம்மாளுக்கு உறைத்தது. கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது. அவசர அவசரமாகத் தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதினாறாவது முத்திரை விழுந்தது. எதிரே கடல். அம்மாள் நின்று பார்த்தார். பக்கத்தில் கணவர் தன் மச்சானை போனில் பிடித்து, "நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஒரு தடவை அது முழுப் பொய் இல்லை என்பதுதான் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே, இனம் என்று ஆரம்பத்தில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். குணம் ஆளிடம் இல்லை, அந்தப் பலகையில் இருக்கிறது. படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்து, அப்படியே அவரேதான் என்று சிரித்திருப்பீர்கள். நல்லது. உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவரிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள். அவருக்கு யார் ஞாபகம் வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.