தொட்டால்தான் வைத்தியம்

"நோயாளியத் தொடாம மருந்து சொல்றவன் டாக்டர் இல்ல, ஜோசியக்காரன்! சாகிற வரைக்கும் அந்த வேலையச் செய்ய மாட்டேன்!"

இந்தோனேசியாவின் மனாடோ நகர ஆஸ்பத்திரி உணவகத்தில் மீன் வறுவலுக்கு மிளகாய்த் துவையலை அப்பிக்கொண்டே இப்படி முழங்கிய ஸ்டெனி லுமெந்தா, பெருமக்களே, பயிற்சி மருத்துவர் என்ற இனத்தின் தலைசிறந்த மாதிரி. அடையாளம் காண்பது சுலபம். ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் தொங்கும். நோயாளியின் நெஞ்சைவிட நம்மவரின் சட்டைப் பொத்தானைத்தான் அது அதிகம் தொட்டிருக்கும். தொலைமருத்துவம் என்றதும் மூக்கு சுருங்கும். அதற்கு என்ன சட்டம், யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், நோயாளியின் ரகசியம் என்னாகும்? தெரியாது. வெறுப்பில் மட்டும் முனைவர் பட்டம்.

"ஒரு தடவகூடச் செஞ்சதில்லையா, டாக்டர்?" என்றார் செவிலியர் மெய்ஸ்கே.

"சத்தியமா இல்ல!"

அன்று மதியமே மீனவர் யோப்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தார். நம்மவர் தொட்டார், தட்டினார், கேட்டார், ஈ.சி.ஜி. எடுத்தார். கோடுகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வியர்த்த வியர்வையில், நோயாளி யாரென்று மெய்ஸ்கேவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தம்பி, எம் புருஷன் பொழைப்பாரா?" என்று யோப்பியின் மனைவி நெல்ச்சே அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா."

நாக்கடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். வைக்கத் துணிவில்லை. ஆகவே, தம் இனத்தின் நித்திய வழிபாட்டைத் தொடங்கினார்: சுவர்ப்பக்கம் திரும்பி, ஈ.சி.ஜி.யைக் கைபேசியில் படமெடுத்து, மலைமேல் தொமொஹோனில் தங்கை கல்யாணத்தில் இருந்த இதய நிபுணருக்கு அனுப்பினார். காலையில் ஒரு சொறியும் ஓர் எலும்பு முறிவும் இதே வழியாகத்தான் வெவ்வேறு பெரிய டாக்டர்களிடம் போயிருந்தன.

கல்யாணப் பாட்டு அலற, நிபுணரின் குரல் வந்தது: "டேய், நாக்கடி மாத்திரை கீத்திரை குடுத்துடாத! இதயத்தோட வலது பக்கமும் அடி வாங்கியிருக்கும் போல, பிரஷர் விழுந்துடும். வலது பக்கம் இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்து அனுப்பு. ரத்தக்கட்டி கரைக்கிற ஊசிய எடுத்து வை, நான் சொன்னதும் போடு!"

மாத்திரை சத்தமில்லாமல் டப்பாவுக்குள் திரும்பியது. இரண்டாவது படம் போனது. ஊசி ஏறியது. வலி விட்டதும் யோப்பி கீரைக்கஞ்சி கேட்டார்.

"எல்லாம் உங்க கைராசி, தம்பி!" என்று நெல்ச்சே அழுதாள். அந்தக் கையை நம்மவர் அடக்கத்தோடு பைக்குள் விட்டுக்கொண்டார். கைபேசியும் அங்கேதான் இருந்தது.

"இதுக்குப் பேரு என்ன, டாக்டர்?" என்றார் மெய்ஸ்கே.

"இதுவா? சீனியர்கிட்ட ஒரு வார்த்த கேக்கிறது. அது வேற, இது வேற."

சிரிக்காதீர்கள். 'போன்ல பாக்கிற வைத்தியமெல்லாம் ஏமாத்து வேல' என்று சொல்லிவிட்டு, நாக்கை நீட்டிப் படமெடுத்து டாக்டர் மச்சானுக்கு அனுப்பியது யாராம்?

நம்மவர் இதையெல்லாம் கேட்கும் நிலையில் இல்லை. அடுத்த கட்டில்காரரின் காலைப் படமெடுக்க வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் திரையை மெல்ல விலக்கிக்கொண்டிருக்கிறார்.