ராஜாவின் தலையும் காலிக் குப்பியும்

ஒரு காட்டில் ஓர் ஆய்வகம் இருந்தது. அங்கே சிங்கமும் இருந்ததா என்று கேட்காதீர்கள். சிங்கம் இல்லாத காட்டுக்கு மானியம் எங்கிருந்து வரும்?

அந்த ஆய்வகத்தில் செண்பகவல்லி என்று ஒரு சருகுமான் வேலை பார்த்தாள். முயலளவு உடம்பு, காட்டளவு பயம். அவளுடைய ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் நீங்களும் மற்ற மிருகங்களைப் போலக் கொட்டாவி விடுவீர்கள். புண்ணில் புதிய ரத்தநாளம் முளைத்தால் ஆறாத புண்ணும் ஆறும். அப்படி முளைக்க வைக்க முடியுமா என்று, தட்டில் வளர்த்த செல்களில் அவள் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு யானை கன்று போட்டபோது தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்கள் அவை. யானை என்ன வருஷா வருஷமா கன்று போடுகிறது? பிரித்துப் பிரித்து வளர்த்ததில் செல்களும் கிழடு தட்டிப்போய், கடைசியாக ஒரு தட்டுதான் மிச்சம் இருந்தது. அதுவும் வீணானால் அவளுடைய இத்தனை வருட உழைப்பும் குப்பைக்கூடைக்குத்தான்.

அந்தச் சோதனைக்கு வேண்டிய புரதம் ஒருவழியாக வெளிக்காட்டிலிருந்து வந்து சேர்ந்தது. மறுசேர்க்கைப் புரதம் என்பார்கள். ரத்தநாளத்தை வளரச் சொல்லும் புரதத்தின் மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைத்து, அதை வேலை வாங்கி, வடித்து, உலர்த்தி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புகிற சமாச்சாரம். குப்பி நெல்லிக்காய் அளவுதான் இருந்தது.

பண்டகசாலைக் கரடி பேச்சிமுத்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதுல ஒண்ணுமே இல்லையேம்மா.”

“இருக்குண்ணே. அடியில ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாததுக்கா இந்த விலை?”

“நீங்க தினமும் கும்பிடுறது மட்டும் கண்ணுக்குத் தெரியுதாக்கும்?”

பேச்சிமுத்து குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆய்வகத்தின் இயக்குநர், நரி நாகலிங்கம். விலை உயர்ந்த பொருள் எது வந்தாலும் விழா எடுக்காமல் அதை யாரும் தொடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. முன்பு வந்த நுண்ணோக்கி ஒன்று திறப்பு விழாவுக்குக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் சிலந்திகள் அதில் குடித்தனம் நடத்தின. இப்போதும் அவர் சொல்லிவிட்டார்.

“நாளைக்கு விழா. மகாராஜாவே வர்றார். அதுவரைக்கும் குப்பி என் மேஜை மேல இருக்கட்டும். வர்றவங்க போறவங்க பார்க்கட்டும்.”

“வெளியில வச்சா கெட்டுப்போயிடும் சார். உறைபெட்டிக்குள்ள இருக்கணும்.”

“கெட்டுப்போனா யாருக்கும்மா தெரியப்போவுது? உள்ள இருக்கறதே தெரியல.”

சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிய செண்பகவல்லிக்குப் பாதி வழியில் ஒன்று உறைத்தது. கெட்டுப்போனால் தெரியாது என்றால், இல்லாமல் போனாலும் தெரியாது அல்லவா? குப்பியைத் துடைத்துக் கொண்டுவருகிறேன் என்று எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனாள். புரதத்தைக் கரைத்துச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைபெட்டியின் பின்மூலையில் ஒளித்தாள். ஒன்றை மட்டும் அந்தக் கடைசித் தட்டிலிருந்த செல்களுக்கு ஊட்டினாள். பிறகு குப்பியைக் கழுவிக் காயவைத்து இயக்குநர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். யாரையும் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அதுதான். நாகலிங்கம் குப்பியைத் தூக்கிப் பார்த்து, “நல்லா பளிச்சுனு இருக்கு” என்றார்.

மறுநாள் விழா. குப்பிக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். சிங்கராஜாவுக்குப் பிடரி உதிர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதை யாரும் சொன்னதில்லை. சொன்னவர்கள் இப்போது இல்லை.

“எதையோ வளர வைக்குமாமே இது,” என்றார் ராஜா. “பிடரிக்கு ஆகுமா?”

“ரத்தம் பாய்ஞ்சா மயிர் முளைக்காதா மகாராஜா?” என்றார் நாகலிங்கம்.

செண்பகவல்லி மெல்ல எழுந்தாள். “சார், ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்னு குப்பி மேலேயே போட்டிருக்கு. உடம்புல போடக் கூடாது.”

“விதியை மீறுவோமா நாம?” நாகலிங்கம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “இந்த நிமிஷம் முதல் மகாராஜாவின் திருத்தலை நம்ம ஆய்வகத்தின் கிளையாக அறிவிக்கப்படுகிறது.”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஆய்வகத்துக்குள்ள சாப்பிடக் கூடாதுன்னும் ஒரு விதி இருக்கு சார்,” என்றாள் செண்பகவல்லி. எப்படித்தான் அவளுக்கு வாய் வந்ததோ.

ராஜாவின் வயிறு உறுமியது. நாகலிங்கம் ஒரு கணம்தான் யோசித்தார். “மூக்குக்கு மேல ஆய்வகம். மூக்குக்குக் கீழ கேண்டீன்.”

ராஜா மகிழ்ந்துபோய்க் கேண்டீனைத் திறந்து காட்டினார். செண்பகவல்லி உட்கார்ந்துவிட்டாள்.

உலர்ந்த மருந்து கரையட்டும் என்று பேச்சிமுத்து குப்பியில் ஓடைத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, ராஜாவின் தலையில் கவிழ்த்தார். மயிர் முளைப்பதை முதலில் பார்த்தது ஒரு குரங்கு. அதற்கப்புறம் பார்க்காதவர் இல்லை. பேச்சிமுத்து மட்டும், “எனக்குச் சரியா…” என்று ஆரம்பித்து, கேண்டீன் இன்னும் திறந்திருப்பதைக் கவனித்து, “சுருட்டை முடி போலிருக்கே” என்று முடித்தார்.

செண்பகவல்லி விழுந்தடித்துக்கொண்டு அறைக்கு ஓடி, தன் பழைய நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். தட்டு முழுக்கச் செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து, மெல்லிய குழாய்களாக நீண்டு, வலை பின்னியிருந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் சந்தோஷத்தில் அழுதது அன்றைக்குத்தான்.

“இது எப்படி முளைச்சுது?”

பின்னால் நாகலிங்கம் நின்றிருந்தார். “மருந்து பூராவும் ராஜா தலைக்குப் போயிடுச்சே?”

உண்மையைச் சொன்னால், வெறும் தண்ணீரை ராஜாவின் தலையில் ஊற்ற விட்டவள் அவள் என்றாகும். கேண்டீன் கண்முன் வந்து நின்றது. பொய் சொல்லவும் அவளுக்கு வரவில்லை.

“அந்தக் குப்பியால வந்ததுதான் சார்,” என்றாள். அது உண்மையும்கூட.

நாகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “அப்போ தலையில ஊத்தினது அங்க, முளைச்சது இங்கேயும். நான் அப்பவே நினைச்சேன்.”

ஆய்வுக் கட்டுரை வந்தது. முதன்மை ஆய்வாளர் சிங்கராஜா. வழிகாட்டி நாகலிங்கம். தண்ணீர் ஊற்றியதற்காகக் கரடிக்கு நன்றி. தட்டுக் கழுவியதற்காகச் செண்பகவல்லிக்கும் நன்றி. அவளுடைய பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.

ஒளித்து வைத்த குழாய்களும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. யானை மறுபடி கன்று போட்டு, புதுச் செல்கள் கிடைத்தபோது அவள் புரதம் வேண்டும் என்று கேட்டாள். நாகலிங்கம் உடனே வெளிக்காட்டு வியாபாரிக்குச் சொல்லி அனுப்பினார்: போன தடவை வந்த குப்பி பிரமாதமாக வேலை செய்தது, பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதில் ஒன்றுமில்லை என்றார்கள், ஆகவே இனி உள்ளே எதையும் வைத்துச் சிரமப்பட வேண்டாம். வியாபாரி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான். விலையை மட்டும் குறைக்கவில்லை.

அதே பனிக்கட்டிப் பெட்டி, அதே நெல்லிக்காய்க் குப்பி. செண்பகவல்லி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல ஏதாவது இருக்காண்ணே?”

“இருக்கும்மா,” என்றார் பேச்சிமுத்து, அவளைத் தேற்றுகிற குரலில். “அடியில ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது.”

நீதி: ராஜாவின் தலையில் காலிக் குப்பி கவிழ்கிற காலத்தில், நல்ல மருந்தை ஒளித்து வைத்து நல்லது செய்யாதே. செய்தால், பலன் காலிக் குப்பியின் பெயரில்தான் பதிவாகும்.